மூணாவது பேஸுக்குத் திரும்பு

தங்கதுரை: ...அதெல்லாம் போன்லயே சொல்லிட்டேன்ல ஃபிசா? பனி வந்துச்சு, மேட்ச் நின்னுபோச்சு. அவ்வளவுதான்.

ஃபிசா: நிக்கல சார். நீங்க நிறுத்தல. அம்பயர் சொன்னாத்தான மேட்ச் நிக்கும்?

தங்கதுரை: வாயப் பாரு. பெயிண்ட் ஷாப் புள்ளைங்களுக்கே வாய் ஜாஸ்தி.

ஃபிசா: பெயிண்ட் ஷாப் அனுப்ரியா சார். நான் அதே கம்பெனில அசெம்பிளி. அசெம்பிளி சாஃப்ட்பால் டீமோட கேட்சர். உங்க முட்டிக்கு முன்னாடிதான் குந்திக்கினு இருந்தேன். ஒரு வாரத்துல மறந்துட்டீங்களா?

தங்கதுரை: மறந்தா இந்தக் குளிருல, ஞாயித்துக்கிழமை காலைல, மப்ளரக் கட்டிக்கிட்டு கிரவுண்டுக்கு வருவனா? நேருல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இனிமே எனக்குப் போன் பண்ணாத. சொல்லிட்டேன். கிளம்பறேன்.

ஃபிசா: சும்மா ஒரு வார்த்தை சொல்ல வந்தவரு பிரஷ் இன்னாத்துக்கு சார் எடுத்துக்கினு வந்தீங்க?

தங்கதுரை: எந்த பிரஷ்?

ஃபிசா: பேண்ட் பாக்கெட்ல துருத்திக்கினு இருக்குதே. ஹோம் பிளேட்டத் தொடைக்கிற பிரஷ்.

தங்கதுரை: அது... எப்பவும் இருக்கும். வீட்டுச் சாவி மாதிரி.

ஃபிசா: சரி சார். டீ குடிங்க. பிளாஸ்க்ல கொண்டாந்திருக்கேன்.

தங்கதுரை: டீ குடுத்தா உக்காந்துருவேன்னு பாக்கறியா?

ஃபிசா: நின்னுக்கினே குடிங்க. யாரு வேணான்னா?

தங்கதுரை: ம்... ஏலக்கா தூக்கலா இருக்கே. எங்க வீட்டம்மா இப்படித்தான் போடுவா.

ஃபிசா: குடிங்க சார், ஆறிடும்.

தங்கதுரை: என்ன பனி இது? மூணாவது பேஸே தெரியல.

ஃபிசா: அன்னிக்கும் இதே மாதிரிதான் சார். டேம் பக்கத்துலருந்து கெளம்பி வரும். டேம் தண்ணில கெமிக்கல் நுரை பொங்குதுல்ல, அதுவும் சேர்ந்து பறந்து வரும். பாருங்க, அவுட்ஃபீல்டு பூரா வெள்ளையா... அதுல எது பனி, எது நுரைன்னே தெரியாது.

தங்கதுரை: அதுல கை வைக்காத. அரிக்கும்.

ஃபிசா: அனுவும் இதையேதான் சொன்னா. மேட்ச்சுக்கு முன்னாடி.

தங்கதுரை: ...அந்தப் புள்ளையோட அம்மா வந்திருக்காங்களாமே?

ஃபிசா: கருப்பாயி அம்மா. நாட்றாம்பாளையத்துலருந்து வந்து நாலஞ்சு நாளாச்சு. ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய உக்காந்துக்கினு இருக்காங்க. ஒரு பை அவரைக்கா கொண்டாந்தாங்க, புள்ளைக்குப் புடிக்கும்னு. அது வாடிப்போச்சு. போடறதுக்கும் மனசு வரல அவங்களுக்கு, மடியில வச்சிருக்காங்க.

தங்கதுரை: ஸ்டேஷன்ல என்ன சொல்றாங்க?

ஃபிசா: இன்னா சொல்லுவாங்க? ஓடிப்போயிட்டாளாம். எவனாச்சும் பையன் இருப்பானாம், பெங்களூர்ல போய்த் தேடணுமாம். நம்ம செக்யூரிட்டி சென்னகிருஷ்ணன் அண்ணன்கூட அதான், ‘ஹோக்லி பிடு’, போனா போகட்டும் விடுன்னுட்டாரு. ஒரு பொண்ணு காணாமப் போனா எல்லாருக்கும் எவ்ளோ வசதியா ஒரு பதில் இருக்குது பாருங்க சார். பஸ்ஸு ஏறினா ஒரு மணி நேரம், கர்நாடகா. முடிஞ்சுது கதை.

தங்கதுரை: ...நெசமாவே போயிருக்கலாம்ல?

ஃபிசா: எங்கருந்து சார் போனா? சொல்லுங்க. மூணாவது பேஸ்லருந்து கெளம்பினா. ஹோம் பிளேட்டுக்கு வரல. நடுவுல இருக்கறது ரெண்டு லாரி நீளங்கூட இல்ல. அதுக்குள்ள பெங்களூர் எங்கருந்து வந்துச்சு?

தங்கதுரை: பனிக்குள்ள திரும்பி வேற பக்கம்...

ஃபிசா: ஸ்பைக்ஸ் ஷூ தடம் இருக்குது சார்! சுண்ணாம்புக் கோட்டு மேலயே ஓடியிருக்கா. பாதி வரைக்கும் தடம். அப்புறம் மண்ணு. வெறும் மண்ணு. போலீசு அதப் பாத்துட்டு, மழ பேஞ்சிருக்கும்னாங்க. தை மாசத்துல.

தங்கதுரை: கத்தாத கண்ணு.

ஃபிசா: கத்தல. எனக்கு யாருமே காது குடுக்கல சார். நீங்க ஒருத்தர்தான் அங்க இருந்தீங்க, என் முதுகுக்குப் பின்னாடி.

தங்கதுரை: சரி. இந்தா பாரு, உக்காந்துட்டேன். நடந்தத முதல்லருந்து சொல்லு. அழாம சொல்லு. அம்பயர்கிட்ட சொல்ற மாதிரி.

ஃபிசா: கடைசி இன்னிங்ஸ். ரெண்டு டீமும் சமம். பெயிண்ட் ஷாப் பேட்டிங். ஒரு அவுட்டு ஆயிருக்கு. அனு மூணாவது பேஸ்ல நிக்கிறா. அவ ஹோமுக்கு வந்துட்டா அவங்க டீம் ஜெயிச்சுரும்.

தங்கதுரை: பேட்டிங் தமிழ்செல்வி. ரெண்டு ஸ்ட்ரைக்.

ஃபிசா: பாத்தீங்களா, எல்லாம் ஞாபகம் இருக்குது!

தங்கதுரை: நீ சொல்லு.

ஃபிசா: பனி வந்துச்சு. எனக்கு பந்து போடற பிட்சரே பாதிதான் தெரியறா. பந்து வந்துச்சு. தமிழ்செல்வி வீசினா. லேசா... ரொம்ப லேசா பேட்ல பட்டுச்சு.

தங்கதுரை: டிக்.

ஃபிசா: ஆமா சார், டிக். பட்டு, நேரா என் கிளவுஸு மிட்டுக்குள்ள வந்துச்சு. தலையத் தூக்கறேன், அனு கெளம்பிட்டா. மூணாவது பேஸ விட்டு அவ ஓடி வர்றத கண்ணால பாத்தேன். பல்லக் காட்டிக்கினு வர்றா, எனக்குப் பழிப்பு காட்டற மாதிரி. ஒரே கட்டில்ல படுக்கறவ பாருங்க, என்னை ஏமாத்திட்டு ரன் எடுக்கறதுல அவளுக்கு அவ்ளோ சந்தோசம். அப்புறம் பனி மூடிச்சு. பந்த மிட்டோட சேத்துப் பிடிச்சுக்கினு பிளேட்டு மேல குந்திக்கினு இருக்கேன், வரட்டும் தொட்டுடலாம்னு. வரல. சத்தம் மட்டும் வருது, சரக் சரக்னு. கிட்ட வருது... கிட்ட வருது... வரல.

தங்கதுரை: ஒரே கட்டில்லயா படுக்கறீங்க?

ஃபிசா: எங்க ஹாஸ்டல்ல அப்படித்தான் சார். எனக்கு நைட் ஷிப்ட்டுன்னா அவளுக்கு பகல் ஷிப்ட்டு. அவ எந்திரிச்சுப் போனா நான் வந்து படுப்பேன். ஒரு கட்டிலு, ஒரு தலகாணி. ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்தது ஞாயித்துக்கிழமைல மட்டுந்தான்.

தங்கதுரை: ம்.

ஃபிசா: இந்த வாரமும் நைட் ஷிப்ட்டு முடிச்சு வந்து படுக்கறேன் சார்... கட்டிலு சூடா இருக்குது.

தங்கதுரை: என்ன?

ஃபிசா: இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி. தலகாணி நடுவுல குழி. தெனமும்.

தங்கதுரை: ...வேற யாராவது புள்ளைங்க படுத்திருக்கும்.

ஃபிசா: அந்தக் கட்டில்ல இப்ப யாரும் கால் வைக்க மாட்டாங்க சார். பயம்.

தங்கதுரை: உனக்குப் பயமா இல்லையா?

ஃபிசா: இருக்குது. ஆனா அது ஆறிப்போயிருமோன்னு அதவிட பயமா இருக்குது.

தங்கதுரை: ...இன்னும் கொஞ்சம் டீ ஊத்து.

ஃபிசா: சார், நான் ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க இன்னா வேகமான அம்பயரு! பந்து மிட்டுல விழறதுக்குள்ள கை போயிரும். எங்க பூபதி கோச்சு சொல்லுவாரு, தங்கதுரை சார் கை கரண்டு மாதிரின்னு. அன்னிக்கு மட்டும் ஏன் சார் கையே தூக்கல?

தங்கதுரை: பனி.

ஃபிசா: பந்து உங்க மூக்குக்கு முன்னாடி இருந்துச்சு.

தங்கதுரை: பனின்னு சொல்றேன்ல?

ஃபிசா: சரி சரி. கோவிச்சுக்காதீங்க. இப்ப சொல்லுங்க. அது இன்னா பந்து?

தங்கதுரை: எதுக்கு?

ஃபிசா: சொல்லுங்களேன். பாதி ஊருக்கு சாஃப்ட்பால்னா டென்னிஸ் பந்து கிரிக்கெட்னு நெனப்பு. நீங்கதான ரூல் வாத்தியாரு?

தங்கதுரை: கிண்டலா? பேட்ல லேசா பட்டு நேரா கேட்சர் கைக்கு வந்து, அவ பிடிச்சுட்டா அது ஃபவுல் டிப். அது ஸ்ட்ரைக்கு. தமிழ்செல்விக்கு அது மூணாவது ஸ்ட்ரைக்கு, அவ அவுட்டு. ஆனா ஆட்டம் நிக்காது. ரன்னர் ஓடலாம். ஓடி வந்து சேந்துட்டா ரன்.

ஃபிசா: பிடிக்கலைன்னா?

தங்கதுரை: பிடிக்காமக் கீழ விட்டா வெறும் ஃபவுல். ஆட்டம் அங்கயே நிக்கும். ரன்னர் எவ்ளோ தூரம் வந்திருந்தாலும்...

ஃபிசா: வந்திருந்தாலும்?

தங்கதுரை: ...கிளம்பின பேஸுக்குத் திரும்பிப் போகணும்.

ஃபிசா: போகணுமா, போகலாமா?

தங்கதுரை: போகணும். அவ திரும்பி பேஸத் தொடற வரைக்கும் நான் ஆட்டத்த ஆரம்பிக்க மாட்டேன். இது எதுக்கு இப்ப... ஏய். ஏ புள்ள. நீ என்ன கேக்க வர்ற?

ஃபிசா: ஃபவுல்னு சொல்லிடுங்க சார்.

தங்கதுரை: கிறுக்கா உனக்கு?

ஃபிசா: நீங்க டிப்புன்னும் சொல்லல, ஃபவுல்னும் சொல்லல. அதான் சார் அவ இன்னும் ஓடிக்கினே இருக்கா. வர்றதா, திரும்பறதான்னு யாரும் அவளுக்குச் சொல்லல. நீங்க ஃபவுல்னு சொன்னா அவ திரும்பித்தான ஆகணும்? நீங்களே சொன்னீங்க. போகலாம் இல்ல, போகணும்னு.

தங்கதுரை: அது ஆட்டத்துக்கு ரூல். இதுக்கு...

ஃபிசா: வேற எந்த ரூலு சார் இருக்குது இதுக்கு? போலீசுகிட்ட இருக்குதா? கம்பெனில இருக்குதா? எங்க அத்தா தர்காவுல போய் ஓதிட்டு வந்தாரு. கருப்பாயி அம்மா அவங்க மலைக் கோயில்ல வேண்டிக்கினாங்க. ஒண்ணும் நடக்கல. ஏன்னா அவ அவங்க யாரு சொல்றதையும் கேக்க மாட்டா சார். கிரவுண்டுல நிக்கிறா. அம்பயர் சொல்றதத்தான் கேப்பா.

தங்கதுரை: அது டிப்பு ஃபிசா. நான் கேட்டேன். பேட்ல டிக்குன்னுச்சு, மிட்டுல பொத்துன்னுச்சு. நடுவுல ஒண்ணுமில்ல. நீ சுத்தமாப் பிடிச்ச. இத்தனை வருஷத்துல தெரிஞ்சே ஒரு தப்பான டிசிஷன் நான் குடுத்ததில்ல.

ஃபிசா: என் மாஸ்க்ல பட்டு வந்துச்சுன்னு வச்சுக்கோங்க. முகத்துல பட்டு அப்புறம் மிட்டுல விழுந்தா அது டிப்பு இல்லல்ல?

தங்கதுரை: இல்ல. நேரா வரணும். வேற எங்க பட்டு வந்தாலும் ஃபவுல்தான். ஆனா படலையே.

ஃபிசா: யாருக்குத் தெரியும்? டிக்குன்னதக் கேட்டது மூணே பேரு. தமிழ்செல்வி வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிட்டா. நான் பட்டுச்சுங்கறேன்.

தங்கதுரை: எனக்குத் தெரியுமே!

ஃபிசா: உங்க மனசாட்சி பெருசா, ஒரு பொண்ணு பெருசா சார்? ...மன்னிச்சுக்கோங்க. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

தங்கதுரை: கேட்டுட்ட. பரவால்ல.

ஃபிசா: உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குதுல்ல சார்? பெங்களூர்ல இருக்காங்கன்னு பூபதி கோச்சு சொன்னாரு.

தங்கதுரை: ...ம். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம்.

ஃபிசா: கல்யாணம் ஆயிருச்சா?

தங்கதுரை: ஆச்சு.

ஃபிசா: வருவாங்களா இங்க?

தங்கதுரை: வேலை ஜாஸ்தி அவளுக்கு. போன் பண்ணுவா. ஏன், ஏன் இதெல்லாம் கேக்கற? சம்பந்தமில்லாம?

ஃபிசா: சும்மாதான் சார். ...ஷ்ஷ். சார்.

தங்கதுரை: என்ன?

ஃபிசா: பேசாதீங்க. கேக்குதா?

தங்கதுரை: ...நாய் ஓடுது.

ஃபிசா: நாயி ஸ்பைக்ஸ் போட்டுக்கினு ஓடுமா சார்? நல்லாக் கேளுங்க. மூணாவது பேஸ் பக்கத்துலருந்து. சரக், சரக், சரக்... கிட்ட வருது. இந்த வாரம் பூரா, பனி எறங்கினா கேக்குது. சென்னகிருஷ்ணன் அண்ணனும் கேட்டாரு. அதுலருந்து இந்தப் பக்கம் ரவுண்ட்ஸே வர்றதில்ல. கிட்ட வரும் சார், இதோ இந்தக் கோடு வரைக்கும். அப்புறம் மறுபடியும் முதல்லருந்து.

தங்கதுரை: உன் ஃப்ரெண்டுதான்னு எப்படித் தெரியும்?

ஃபிசா: அவ நடை எனக்குத் தெரியாதா? மெட்டல் படிக்கட்டுல அவ ஏறி வர்ற சத்தத்துலதான நான் எந்திரிப்பேன். இது அவதான். ஆனா...

தங்கதுரை: ஆனா?

ஃபிசா: சில நேரம் அது பின்னாடியே இன்னொண்ணு கேக்குது சார். அது அனு இல்ல.

தங்கதுரை: எதிரொலியா இருக்கும். கம்பெனி செவுரு இருக்குல்ல.

ஃபிசா: எதிரொலின்னா ஒரே மாதிரி இருக்கணும். இது ஒரு கால மண்ணுல தேச்சுக்கினே ஓடுது. ஷூ லூசா இருக்கற மாதிரி.

தங்கதுரை: ...எந்தக் கால்?

ஃபிசா: இன்னா சார்?

தங்கதுரை: எந்தக் கால தேய்க்குது? வலதா, இடதா?

ஃபிசா: இடது. ஏன் சார்? ...சார், ஏன் எந்திரிச்சுட்டீங்க? கிளாஸக் குடுங்க.

தங்கதுரை: ஒண்ணுமில்ல. பிளேட்டு எங்க இருக்கு?

ஃபிசா: உங்க காலுக்குக் கீழதான். மண்ணு மூடிக்கினு இருக்குது. சார்... பிரஷ்ஷ எடுக்கறீங்க!

தங்கதுரை: அம்பயர் டிசிஷன் குடுக்கறப்ப பிளேட்டு சுத்தமா இருக்கணும்.

ஃபிசா: யா அல்லா. குடுக்கறீங்களா?

தங்கதுரை: உன் மாஸ்க்ல பட்டுச்சு. இல்லையா?

ஃபிசா: பட்டுச்சு சார். வலிச்சுச்சு.

தங்கதுரை: ரொம்ப இழுக்காத. நகரு, தொடைக்கிறேன். ...அந்தத் துப்பட்டால சுத்தி வச்சிருக்கறது உன் மிட்டா?

ஃபிசா: ஆமா சார். மேட்ச் முடியலல்ல. அன்னிக்கு பந்தோட சேத்து அப்படியே சுத்திட்டேன். யாரு கேட்டும் தரல. கோச்சு கேட்டாரு, போலீசு கேட்டாங்க.

தங்கதுரை: அந்த பந்துதான வேணும். அதே பந்து. அவுத்துக் காட்டு.

ஃபிசா: இப்பவே அவுக்கணுமா சார்? விழுந்து கிழுந்து வச்சா?

தங்கதுரை: சரி, வேணாம். அப்படியே வச்சிரு. கெட்டியாப் பிடி. நான் சொன்ன உடனே நீ பிளேட்டுகிட்ட நிக்காத. மூணாவது பேஸ் பக்கம் போயிரு.

ஃபிசா: எதுக்கு சார்? கேட்சர் இங்கதான நிக்கணும்?

தங்கதுரை: சொன்னதச் செய். ரூல்.

ஃபிசா: எந்த ரூலு?

தங்கதுரை: தெரியறப்ப தெரிஞ்சுக்குவ. போ. பனில தடுக்கி விழாத. வெள்ளைக் கோட்டப் பாத்துப் போ.

ஃபிசா: சார்... பயமா இருக்குது சார்.

தங்கதுரை: எனக்கும்தான். போயிட்டியா? குரல் குடு.

ஃபிசா: இங்க இருக்கேன் சார். பேஸுக்குக் கொஞ்சம் தள்ளி. பேஸு மேல யாரும் இல்ல.

தங்கதுரை: அப்படியே நில்லு. ...ஃபவுல் பால்! ஆட்டம் நிக்குது! ரன்னர்... மூணாவது பேஸுக்குத் திரும்பு! ...என்ன ஆச்சு?

ஃபிசா: சத்தம் நின்னுபோச்சு சார்.

தங்கதுரை: இன்னொரு தடவை சொல்றேன். ரன்னர், பேஸுக்குத் திரும்பு!

ஃபிசா: சார்... திரும்புது. இந்தப் பக்கம் வருது. நடந்து வருது சார், ஓடல. கிட்ட வந்துருச்சு...

— ஏய் ஃபிசா. ஃபவுலாடி?

ஃபிசா: அனு! அனு... அல்லா... எங்கடி இருந்த?

— எங்க இருந்தேன்? ஓடிக்கினு இருந்தேன். எவ்ளோ நேரண்டி ஓடறது, பிளேட்டே வர மாட்டேங்குது. மூச்சு வாங்குது. ஏண்டி அழுவற?

ஃபிசா: ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லடி. பேஸ விட்டு கால எடுக்காத. அப்படியே நில்லு.

— எடுக்கல. ஆனா இங்க இன்னொரு பொண்ணு நிக்குதே. இது எந்த டீமு?

தங்கதுரை: அசையாம நில்லுங்க. கோட்டப் பிடிச்சுக்கிட்டு நானும் அங்க வர்றேன்.

— அப்பா? அப்பா, நீதான அம்பயரு? இந்த அக்காவ எறங்கச் சொல்லுப்பா. நான்தான முதல்ல மூணாவது பேஸுக்கு வந்தேன்?

தங்கதுரை: லாவண்யா.

ஃபிசா: பெங்களூர்ல இருக்காங்கன்னு சொன்னீங்களே சார்.

தங்கதுரை: ஊரு சொல்லுச்சு. எவனோடயோ போயிட்டான்னு ஊரே சொல்லுச்சு. நானும் அதையே திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தேன், கல்யாணம், எலெக்ட்ரானிக் சிட்டி எல்லாம் நானாச் சேத்துக்கிட்டது. வேற என்ன சொல்வேன்? இதே கிரவுண்டு. இதே பனி. எத்தனையோ வருஷம் முன்னாடி, காலேஜ் மேட்ச்சு. டிக்குன்னுச்சு, கேட்சர் பிடிச்சா. நான் கரெக்டா கை காட்டினேன். டிப்பு, ஆட்டம் போகுதுன்னு. என் கையப் பாத்துட்டுத்தான் அவ வேகமா ஓடினா, பிளேட்டுக்கு வந்து சேரல. இடது ஷூ லூசா இருக்குன்னு காலைலயே சொன்னா... வீட்ல போய்ப் பாத்துக்கலாம்னுட்டேன்.

ஃபிசா: அதனாலதான் போன வாரம் கையே தூக்கல.

தங்கதுரை: எப்படித் தூக்குவேன்? எதச் சொன்னா எவ போவாளோன்னு நின்னுட்டேன். ...பாரு அவள. அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கா. ஒரு வயசுகூட ஏறல. உன் ஃப்ரெண்ட அக்காங்கறா.

— அப்பா, சீக்கிரம்பா. ஒரு காலுக்குத்தான் எடம் இருக்குது.

தங்கதுரை: இருடா கண்ணு. அப்பா இருக்கேன். ...ஃபிசா, கேளு. ஒரு பேஸ்ல ஒருத்திதான் நிக்க முடியும்.

ஃபிசா: சார், வேணாம்.

தங்கதுரை: ரெண்டு பேரு நின்னா முதல்ல வந்தவளுக்குத்தான் பேஸு. பின்னாடி வந்தவள பந்தால தொட்டா அவுட்டு. இது நான் எழுதினதில்ல. எல்லா ஊர்லயும் இதான்.

ஃபிசா: இதுக்குத்தான் என்ன இங்க வந்து நிக்கச் சொன்னீங்களா?

தங்கதுரை: ஆமா. கால் தேய்க்கற சத்தம்னு நீ சொன்னப்பவே முடிவு பண்ணிட்டேன். திட்டிக்கோ. இனி எத்தன பனி வரும், எத்தன தடவை நான் இங்க வந்து நிப்பேன்? ...பிளே! ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. மிட்டால அந்தப் புள்ளையத் தொடு.

ஃபிசா: தொட்டா அனு எங்க போவா சார்?

தங்கதுரை: அவுட்டானவ கிரவுண்ட விட்டுப் போகணும்.

ஃபிசா: எங்க? ஹாஸ்டலுக்கா? கேட்டுல உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்டயா? எங்க போவான்னு உங்க ரூல்ல இருக்குதா?

தங்கதுரை: ...தெரியாது.

ஃபிசா: தெரியாமத்தான் தொடச் சொல்றீங்க.

தங்கதுரை: எம் பொண்டாட்டியும் உக்காந்துக்கிட்டுதான் இருக்கா ஃபிசா! காலேஜ் பஸ்ஸு நிக்கற சத்தம் கேட்டா இன்னிக்கும் போய்க் கதவத் திறக்கறா. ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்ல, கை காட்டினது நீதானன்னு ஒரு வார்த்தை... கேட்டிருந்தா தேவலாம். தொடும்மா. இதோ, உன் கால்ல விழறேன்.

— ஏய் ஃபிசா, என்னடி பண்ற? ஏன் மிட்டத் தூக்கிக்கினு என்னப் பாத்து வர்ற?

ஃபிசா: பயப்படாதடி. துப்பட்டாவ அவுக்கறேன், அவ்ளோதான். ...பாருங்க சார்.

தங்கதுரை: ...பந்து எங்க?

ஃபிசா: பந்து இல்லாம நீங்க சொன்ன பிளே செல்லுமா?

தங்கதுரை: செல்லாது. பந்து இல்லாம ஆட்டமே இல்ல. யாரும் அவுட்டு கிடையாது, யாரையும் எறக்க முடியாது... ஃபிசா, பந்து எங்க?

ஃபிசா: உங்க வீட்டுல சார், உங்க சம்சாரம் சரஸ்வதி அம்மா மடியில. நீங்க போன்ல மழுப்பிட்டீங்கன்னு நேத்து நீங்க இல்லாத நேரமா நேராப் போயிட்டேன். லாவண்யா பேரச் சொன்னதும் அவங்கதான், இன்னிக்கு விடிகாலைல இந்த டீயப் போட்டுக் குடுத்ததும் அவங்கதான். ‘அந்த மனுசன் கடைசில ரூல்தான் பேசுவாரு, பந்த இங்க வச்சிட்டுப் போ, ரெண்டு புள்ளைங்களையும் வீட்டுக்குக் கூட்டிக்கினு வா’ன்னாங்க. எந்திரிங்க சார்... நீங்க லாவண்யா கையப் புடிங்க, நான் அனு கையப் புடிக்கிறேன்.